வேதாகமத்தை எங்கே திறப்பது?

முதல் பக்கத்திலிருந்து தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் நின்றுவிடுகிறார்கள். ஆதியாகமம் கதையாக ஓடும். யாத்திராகமம் 20 வரை வேகம் குறையாது. 25ஆம் அதிகாரத்தில் இஸ்ரவேலரின் வழிபாட்டுக் கூடாரமான ஆசரிப்புக் கூடாரத்தின் முழக்கணக்கு ஆரம்பிக்கும். அதைத் தாண்டினால் லேவியராகமத்தின் பலி முறைகள். புத்தகம் அலமாரிக்குப் போய்விடும்.

மாற்கிலிருந்து தொடங்குங்கள். இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் நான்கு சுவிசேஷங்களில் சிறியது, 16 அதிகாரம்தான். நாளுக்கு இரண்டு வீதம் எட்டு நாளில் முடியும். அடுத்து லூக்கா, அதன் தொடர்ச்சியாக அப்போஸ்தலர் நடபடிகள். இரண்டுமே தெயோப்பிலு என்பவருக்கு எழுதப்பட்டவை. அதன்பிறகு ஆதியாகமம்.

புராட்டஸ்டன்ட் சபைகளின் வேதாகமத்தில் 66 புத்தகங்கள், கத்தோலிக்கரின் திருவிவிலியத்தில் 73. பெயர்களும் மாறும்: சங்கீதம் அங்கே திருப்பாடல்கள். வீட்டில் எது இருக்கிறதோ அதுவே போதும். ‘யோவான் 3:16’ என்றால் மூன்றாம் அதிகாரம், பதினாறாம் வசனம். ‘1 யோவான் 3:16’ வேறு புத்தகம். கடைசிப் பக்கங்களில் இருக்கும் நிருபம், அதாவது கடிதம். புதியவர்கள் அடிக்கடி தடுமாறுவது இதில்தான்.

இந்த எண்களை மூல ஆசிரியர்கள் போடவில்லை. இப்போதுள்ள அதிகாரப் பிரிவு 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. புதிய ஏற்பாட்டின் வசன எண்கள் 1551இல் வந்தவை. எண் முடிந்த இடத்தில் பொருளும் முடியும் என்று நம்ப வேண்டாம். ஆதியாகமம் 1 ஆறாம் நாளோடு நிற்கிறது. ஏழாம் நாள் அடுத்த அதிகாரத்தின் முதல் மூன்று வசனங்களில் கிடக்கிறது.

தனி வசனத்தை உருவி எடுப்பதுதான் பெரிய தவறு. புத்தாண்டு வாக்குத்தத்த அட்டைகளில் அடிக்கடி வரும் எரேமியா 29:11ஐப் பாருங்கள். உங்களைக் குறித்து நான் நினைப்பது தீமையல்ல, சமாதானமே என்கிறார் கர்த்தர். யாரிடம்? அதிகாரத்தின் முதல் வசனத்துக்குப் போனால், இது பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எருசலேமிலிருந்து எரேமியா தீர்க்கதரிசி அனுப்பிய கடிதம். ஐந்தாம் வசனம் அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள் என்கிறது. திரும்பி வர எழுபது வருஷம் ஆகும் என்கிறது பத்தாம் வசனம். முந்தைய அதிகாரத்தில் அனனியா என்பவன் இரண்டே வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லியிருந்தான். அவன் பொய்த் தீர்க்கதரிசி. ஆக, கடிதத்தை வாங்கிப் படித்த பெரியவர்களில் பலர் ஊர் திரும்பியிருக்க முடியாது. ‘இந்த வருஷமே நடக்கும்’ என்று இதை வாசிப்பது அனனியாவின் பக்கம் போய் நிற்பதுதான்.

எந்தப் பகுதியானாலும் நோட்டில் மூன்று வரி எழுதுங்கள்: பேசுவது யார், கேட்பது யார், இதற்கு முன்னும் பின்னும் என்ன. பதில் கிடைக்காவிட்டால் மேலே ஒரு அதிகாரம் போய் வாருங்கள்.

எழுத்தின் வகையையும் கவனிக்க வேண்டும். வரலாற்றுப் பகுதியில் நடந்ததெல்லாம் செய்யச் சொன்னது ஆகாது. நியாயாதிபதிகள் 11இல், போரில் வென்றால் வீட்டிலிருந்து எதிரே வருவதைப் பலியிடுவேன் என்று யெப்தா செய்த பொருத்தனை (நேர்ச்சை) அப்படிப்பட்டது; எதிரே வந்தது அவன் மகள். நீதிமொழிகள் 26:4 மூடனுக்குப் பதில் சொல்லாதே என்கிறது, அடுத்த வசனமே சொல் என்கிறது. இது சட்டமல்ல, பழமொழித் தொகுப்பு; எந்த வேளைக்கு எது என்று பார்ப்பது வாசிப்பவரின் வேலை.