குளியலறையைப் புதுப்பிக்கும் முன் பெரியம்மாவைக் கேளுங்கள்

நீரிழிவால் பெரியம்மாவின் பார்வை மங்கத் தொடங்கியதும், தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதியில் உள்ள எங்கள் வீட்டின் குளியலறையை நாங்கள் பளபளவென்று மாற்றிவிட்டோம். சுவர், தரை, குளியல் தொட்டி, கழிப்பறை இருக்கை எல்லாமே வெள்ளை. மறுநாள் அவர் கேட்டார்: “தொட்டியின் விளிம்பு எங்கே இருக்கிறது?”

பார்வைக் குறைபாடு உள்ளவர்களில் பலருக்குக் கொஞ்சமாவது பார்வை மிஞ்சியிருக்கும். நிறங்கள் மாறினால்தான் அதற்கு வேலை. வெள்ளைமேல் வெள்ளை வைத்து அதையும் நாங்கள் பிடுங்கிவிட்டோம். பிறகு விளிம்பில் அடர்நீலப் பட்டை ஒட்டினோம், இருக்கையைக் கருநிறத்தில் மாற்றினோம். பளபளப்பான டைல்ஸ்தான் இன்றும் உறுத்துகிறது. விளக்கொளி பட்டுக் கண் கூசும், ஈரம் பட்டால் வழுக்கும்.

துண்டு மாட்டும் கம்பி கைப்பிடி ஆகாது. வழுக்கும்போது கை முதலில் அதைத்தான் தேடும். உடல் எடை விழுந்தால் அது சுவரிலிருந்து பெயர்ந்து வந்துவிடும். ரப்பர் கிண்ணத்தை அழுத்தி ஒட்டும் பிடிகளும் அப்படித்தான், எப்போது கழலும் என்று தெரியாது. சுவரைத் துளைத்துத் திருகியதை மட்டும் நம்புங்கள்.

வெந்நீர் விஷயத்தில் இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. கீசர் 60 டிகிரியில் இருந்தால், அந்த நீர் சில விநாடிகளிலேயே தோலைக் கடுமையாகச் சுட்டுவிடும். பயந்துபோய் 45 டிகிரிக்கு இறக்கினாலோ, நுரையீரலைத் தாக்கும் லீஜியனெல்லா கிருமி கீசருக்குள் பெருக இடம் கிடைக்கிறது. கீசரை அப்படியே விட்டுவிட்டு, குழாய்க்கு வரும் நீரில் மட்டும் குளிர்நீரைக் கலந்து சூட்டைக் குறைக்கும் வால்வு ஒன்றைப் பிளம்பரிடம் சொல்லிப் பொருத்துங்கள். குளிர்நீரை முதலில் திறந்து கடைசியில் மூடும் பழக்கமும் வேண்டும்.

டர்பன்காரர்களுக்கே உரிய ஒரு தவறும் உண்டு. 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு டர்பனுக்கு வடக்கே உள்ள டொங்காட் பகுதியில் மாதக்கணக்கில் குழாயில் தண்ணீர் வரவில்லை. அன்று வாளி நிரப்பி வைக்கப் பழகிய கை இன்றும் விடவில்லை. நிரப்புங்கள், வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் நேற்று கதவருகே, இன்று தொட்டியருகே என்று வாளியை நகர்த்தாதீர்கள். ஒரு மூலையை ஒதுக்கி, அவர் கையைப் பிடித்துக் காட்டிவிடுங்கள். சோப்புக்கும் அதே நியாயம்தான். சுத்தம் செய்கிறேன் என்று எல்லாவற்றையும் இடம்மாற்றும் மருமகள்கள் மன்னிக்கவும்.

கதவைப் பாதி திறந்து வைக்காதீர்கள். நீட்டிய கைகள் அதன் இருபுறமும் போய்விடும், நெற்றிதான் விளிம்பில் மோதும். முழுக்கத் திறந்திருக்கட்டும், அல்லது மூடியிருக்கட்டும்.

புட்டிகளுக்குப் பெரியம்மாவே வழி கண்டுபிடித்தார். ஷாம்பூவுக்கு ஒரு ரப்பர் வளையம், கண்டிஷனருக்கு இரண்டு. பிளீச் புட்டிக்கு எத்தனை என்று கேட்டேன். “அதற்கு இந்த அறையிலேயே இடமில்லை” என்று சொல்லி, பின்கட்டு அலமாரிக்கு அனுப்பிவிட்டார்.