தொட்டியைக் கலைக்காமல் வேரைப் பார்க்க: எக்ஸ்ரே சிடி ஸ்கேன்

மண்ணை 2 மி.மீ. சல்லடையில் சலித்து, பழைய வேர்த்துண்டுகளைப் பொறுக்கிவிட்டு, பிவிசி குழாயில் நிரப்பி, அதில் செடியை வளருங்கள். உலோகத் தொட்டி கூடாது. படம் முழுக்கக் கோடு கோடாக விழும்.

குழாயின் அகலம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. எக்ஸ்ரேயைப் படமாகப் பதியும் 2000 பிக்சல் அகல உணரியில் 80 மி.மீ. குழாய் முழுதாக அடங்கினால் ஒரு பிக்சல் 40 மைக்ரான் (0.04 மி.மீ.). வேர் தெளிவாகத் தெரிய இரண்டு மூன்று பிக்சல் தடிமனாவது வேண்டும். நெல்லின் மெல்லிய பக்கவேர்கள் அதில் சிக்காது. அவைதான் வேண்டுமென்றால் சிறிய குழாயை எடுங்கள்.

பலர் சறுக்குவது ஈரத்தில். நீரும் வேரும் எக்ஸ்ரேயை ஏறக்குறைய ஒரே அளவு தடுப்பதால், சொதசொதவென்ற மண்ணில் வேர் மறைந்துவிடும். நீர் ஊற்றி, ஒன்றிரண்டு நாள் வடியவிட்டு ஸ்கேன் செய்யுங்கள். அதற்காக ரொம்பக் காயவிட்டால் வேர் சுருங்கி, சுற்றிலும் கருப்பு வளையமாக இடைவெளி தெரியும்.

கடைசியில் ஒரு குழாயின் மண்ணையாவது கழுவி வேரை எடுத்து, அதன் நீளத்தைப் படத்தோடு ஒப்பிடுங்கள்.