நூலகச் சங்கங்கள் சேர்ந்து குரல் கொடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சில ஆண்டுகளுக்கு முன் நான்கு நூலகச் சங்கங்கள் சேர்ந்து ஒரு மனு கொடுக்கப் போனோம். யாரையும் விட்டுவிடக் கூடாதென்று ஆளாளுக்கு ஒன்று சேர்த்ததில் 14 கோரிக்கைகள் ஆகிவிட்டன. ஊதிய விகிதம், காலிப் பணியிடம், ஒழுகும் கட்டடம், கடைசியில் பதவிப் பெயர் மாற்றம் வரை. அதிகாரி பொறுமையாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, "சரி, இதில் முதலில் எதைச் செய்யணும்?" என்று கேட்டார். நான்கு பேரும் நான்கு பதில் சொன்னோம். அந்த மனு அன்றோடு முடிந்தது.

எந்தக் கோரிக்கை முதலில், எவையெல்லாம் காத்திருக்கலாம் என்பதை வீட்டிலேயே சண்டை போட்டு முடித்துவிட்டுத்தான் கிளம்பியிருக்க வேண்டும். முன்னோர் அதைத்தான் செய்தார்கள். 1928-இல் சென்னை நூலகச் சங்கம் தொடங்கியது. 1930-இல் நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன், நூலகச் சட்டம் எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு மாதிரி வரைவை எழுதினார். நூலகத்துக்குச் சட்டம் வேண்டும் என்ற அந்தக் கோரிக்கையை விடாமல் பிடித்திருந்ததால் 1948-இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் வந்தது. தமிழ்நாட்டில் இன்றும் சொத்து வரியோடு 10 சதவீதம் நூலக வரி வசூலாவது அந்தச் சட்டத்தால்தான்.

அடுத்த தவறு, தவறான கதவைத் தட்டுவது. அரசியலமைப்பில் நூலகம் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. கிளை நூலகத்துக்கு ஆள் போடச் சொல்லி டெல்லிக்கு எழுதினால், மாநிலத்தைக் கேளுங்கள் என்றுதான் பதில் வரும். டெல்லியிடம் கேட்க வேண்டியது வேறு. பொது நூலகங்களுக்கு உதவும் மத்திய அரசு அமைப்பான ராஜா ராம்மோகன் ராய் நூலக அறக்கட்டளையின் நிதியுதவியைக் கூட்டச் சொல்லலாம். அதிலும் ஒரு பகுதி, மாநிலம் தன் பங்கைப் போட்டால்தான் வரும். அதனால் இரண்டு இடத்திலும் ஒரே நேரத்தில் பேச வேண்டும். 1933 முதல் இருக்கும் இந்திய நூலகச் சங்கம் போன்ற தேசிய அமைப்பும் மாநிலச் சங்கமும் கைகோக்க வேண்டிய இடம் இதுதான்.

கணக்கில்லாமல் போவதும் கூடாது. "நிதி போதவில்லை" என்றால் யார் காதிலும் ஏறாது. உங்கள் ஊராட்சியும் நகராட்சியும் போன ஆண்டு எவ்வளவு நூலக வரி வசூலித்தன, அதில் மாவட்டத்தின் பொது நூலகங்களை நடத்தும் மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்கு எவ்வளவு செலுத்தின? தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு, அந்த இரண்டு எண்களை ஒரே தாளில் எழுதிக் கொண்டுபோங்கள்.

அப்புறம், ஆகஸ்ட் 12 நூலகர் தினத்தில் சால்வை போட்டுப் படம் எடுத்துக்கொண்டு அதோடு விட்டுவிடுவதையும் நிறுத்த வேண்டும். மனு எந்த மேசையில் இருக்கிறது என்று மாதம் ஒரு முறையாவது போய்க் கேட்க ஓர் ஆள் வேண்டும்.

மனு கொடுக்க வாசகரை அழைத்துக்கொள்ளாமல் போவதுதான் என்னை அதிகம் வருத்துகிறது. அடுத்த முறை, போட்டித் தேர்வுக்குப் படிக்கும் ஒரு பெண்ணையும் அழைத்துப் போனோம். "சாயங்காலம் இன்னும் ஒரு மணி நேரம் திறந்து வைத்தால் போதும் சார், வீட்டில் படிக்க இடமில்லை" என்றார். அதிகாரி பேனாவை எடுத்து, எந்தக் கிளை என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்.