சிரட்டையிலிருந்து மீமின்தேக்கிக் கரி: ஆய்வகச் செய்முறை

மின்சாரத்தைச் சேமித்து விரைவாகத் திருப்பித் தரும் கருவியான மீமின்தேக்கியில் (சூப்பர் கெப்பாசிட்டர்) மின்னூட்டம் பெரும்பாலும் வேதிவினையால் அன்றி, கரியின் பரப்பில் அயனிகள் அணிவகுத்து நிற்பதாலேயே சேமிக்கப்படுகிறது. ஆகவே கரிக்குள் பரப்பு மிகுதியாக இருந்தால் மட்டும் போதாது. அயனி அதை எட்டவும் வேண்டும். 2 நானோமீட்டருக்கும் குறைந்த நுண்துளைகள் சேமிப்பிடம் என்றால், அதைவிடப் பெரியவை அங்கே செல்லும் பாதைகள்.

சோழவந்தான் தோப்புகளின் தேங்காய்ச் சிரட்டை இதற்கு ஏற்றது. சீமைக் கருவேலங்கரி மலிவுதான். ஆனால் மூட்டக்கரியில் மண் கலந்துவிடுவதால் அதை நான் தவிர்ப்பேன்.

நார் நீக்கி உலர்த்திய சிரட்டைத் துண்டுகளைக் குழாய் உலையில், நைட்ரஜன் ஓட்டத்தில், சுமார் 500 டிகிரி செல்சியசில் 2 மணி நேரம் கரியாக்கிப் பொடித்துக்கொள்ள வேண்டும். அதனுடன் எடையில் 3 மடங்கு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கலந்து, நிக்கல் கலத்திலிட்டு (பீங்கானைக் காரம் அரித்துவிடும்), மீண்டும் நைட்ரஜனில் 700 முதல் 800 டிகிரியில் 1 மணி நேரம் சூடாக்க வேண்டும். காரம் கரியைத் தின்று துளையிடும்போது பொட்டாசியம் உலோகமும் உண்டாகி, கரியின் அடுக்குகளுக்கிடையே புகுந்து அவற்றை விலக்குகிறது. காரத்தைக் கூட்டினால் துளைகள் அகலும், கிடைக்கும் கரி குறையும். எஞ்சிய பொட்டாசியம் ஈரம் பட்டால் தீப்பற்றக்கூடும் என்பதால், உலை முழுவதும் ஆறும்வரை நைட்ரஜனை நிறுத்தக் கூடாது. ஆறிய பின்னும் புகைபோக்கிப் பெட்டிக்குள் சிறிது சிறிதாகவே நீரிலிட வேண்டும். வீட்டு அடுப்பில் செய்யத்தக்க வேலை அன்று இது.

பலர் அவசரப்படுவது கழுவுவதில்தான். முதலில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்திலும், பின்னர் வடிநீர் பி.எச் 7 ஆகும்வரை காய்ச்சி வடித்த நீரிலும் கழுவ வேண்டும். மதுரைப் பக்கத்து ஆழ்குழாய்க் கிணற்று நீர் பெரும்பாலும் உப்புச் செறிந்தது. அதில் கழுவினால் அந்த உப்பே துளைகளை அடைக்கும்.

110 டிகிரியில் உலர்ந்த கரி 80, மின்கடத்தலைக் கூட்டும் கார்பன் பிளாக் 10, ஒட்டுப்பொருளான பாலிவினைலிடீன் ஃபுளோரைடு 10 என்ற எடை விகிதத்தில், என்-மெத்தில் பைரோலிடோன் என்ற கரைப்பானில் குழைத்து நிக்கல் நுரைத்தகட்டில் பூசி உலர்த்துங்கள். இரண்டு தகடுகளுக்கிடையே வடிதாள் வைத்து, 6 மோலார் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் நனைத்து, 1 வோல்ட்டுக்கு மேல் போகாமல் சோதியுங்கள், 1.23 வோல்ட்டைத் தாண்டினால் நீர் பிரியத் தொடங்கும்.

ஒரு தகட்டில் கரி 5 மில்லிகிராம், மின்னோட்டம் 5 மில்லியாம்பியர், 1 வோல்ட் இறங்க 100 வினாடி எனில், மின்னோட்டத்தை நேரத்தால் பெருக்கி, ஒரு தகட்டுக் கரியின் எடையாலும் வோல்ட்டாலும் வகுத்து, (இரண்டு தகடுகளும் தொடராக இணைந்திருப்பதால்) இரட்டித்தால், மின்தேக்குத் திறன் கிராமுக்கு 200 ஃபாரட் வரும். இறக்கம் தொடங்கிய கணத்தில் தடையால் சட்டெனச் சரியும் வோல்ட்டைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. எடையை 4 மில்லிகிராம் என்று தவறாகக் குறித்துவிட்டால் அதே கரி 250 காட்டும். எனவே பூசுவதற்கு முன்னும் பின்னும் தகட்டை நுண்தராசில் மும்முறை நிறுத்துக்கொள்ளுங்கள்.