துன்பம் மூளையில் பதிந்ததா? மனச்சிதைவு ஸ்கேன் ஆய்வுகளைப் படிக்கும் முறை

வறுமை, வன்கொடுமை, நெரிசலான நகர வாழ்க்கை ஆகியவை மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரீனியா) உள்ளவர்களின் மூளையைச் சுருக்குவதாக ஓர் ஆய்வு சொன்னால், முடிவுரையை ஒதுக்கிவிட்டு நேரே 'ஆய்வு முறை' பகுதிக்குப் போங்கள். துன்பம், நோயின் தொடக்கம், மருந்து, ஸ்கேன் ஆகிய நான்கையும் நடந்த வரிசையில் ஒரு தாளில் எழுதுங்கள். எது முந்தியது என்று எழுத முடியாவிட்டால், எதனால் எது வந்தது என்றும் அந்த ஆய்வால் சொல்ல முடியாது.

முதலில் துன்பத்தை எப்படி அளந்தார்கள் என்று பாருங்கள். இன்றைய வருமானமும் இன்றைய குடியிருப்பும் ஏமாற்றும். நோயே வேலையைப் பறித்து ஆளை ஏழைப் பகுதிக்குத் தள்ளிவிடும். அமெரிக்காவின் சிகாகோ நகரின் நடுப்பகுதியில் மனச்சிதைவு அதிகம் என்று சமூகவியலாளர்கள் ஃபாரிஸும் டன்ஹாமும் 1939-இல் காட்டியதிலிருந்தே, வறுமையால் நோயா, நோயால் வறுமையா என்ற இந்த வாதம் நடக்கிறது. 1963-இல் கோல்ட்பெர்க், மாரிசன் என்ற ஆய்வாளர்கள் நோயாளிகளின் தந்தையர் செய்த தொழிலைத் தேடிப் பார்த்தார்கள். அது பொதுமக்களின் தொழிலைப் போலவே இருந்தது. மகன்கள்தான் கீழே இறங்கியிருந்தார்கள். ஆகவே பிறந்த இடம், பெற்றோரின் தொழில் போன்ற நோய்க்கு முந்தைய அளவுகள் உண்டா என்று தேடுங்கள். அப்படி அளந்தாலும் தொடர்பு முழுதாக மறைந்துவிடுவதில்லை. டென்மார்க் பதிவேடுகளில், தலைநகரில் பிறந்தவர்களுக்கு மனச்சிதைவு வரும் வாய்ப்பு கிராமத்தில் பிறந்தவர்களைப் போல ஏறத்தாழ 2.4 மடங்கு.

சிறுவயதுக் கொடுமையை அளக்கப் பெரும்பாலும் 28 கேள்விகள் கொண்ட வினாத்தாளைத் தருவார்கள். உடல், மனம், பாலியல் சார்ந்த வதை மூன்று வகை, உடலளவிலும் மனத்தளவிலும் புறக்கணிப்பு இரண்டு வகை. ஒவ்வொன்றுக்கும் 5 முதல் 25 வரை மதிப்பெண். மீதி மூன்று கேள்விகள், எல்லாம் நன்றாகவே இருந்தது என்று பூசி மெழுகுபவரைக் கண்டுபிடிக்க. ஐந்தையும் கூட்டி ஒரே எண்ணாக்கினால் வதையும் புறக்கணிப்பும் கலந்துவிடும். பிரித்துக் காட்டிய அட்டவணையைத் தேடுங்கள். இன்றைய மனச்சோர்வு பழைய நினைவுக்குச் சாயம் ஏற்றும் என்பதால் மனச்சோர்வையும் அளந்திருக்க வேண்டும்.

அடுத்தது மூளை. 2,028 நோயாளிகளையும் 2,540 ஆரோக்கியமானவர்களையும் ஒப்பிட்ட எனிக்மா என்ற பன்னாட்டு ஆய்வுக் கூட்டமைப்பின் 2016 ஆய்வில், நினைவுக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதிதான் அதிகம் சிறுத்திருந்தது: விளைவளவு (இரு குழுக்களின் சராசரி வேறுபாட்டை, ஆளுக்கு ஆள் உள்ள பரவலோடு ஒப்பிடும் எண்) −0.46. பயம் போன்ற உணர்ச்சிகளில் பங்குள்ள அமிக்டலாவுக்கும், புலன் செய்திகளைக் கடத்தும் தலாமஸுக்கும் −0.31, மூளைக்குள் திரவம் நிறைந்த பக்க அறைகள் +0.37 அளவுக்குப் பெருத்திருந்தன. 0.46 பெரிதாகத் தோன்றலாம், ஆனால் இரு குழுவின் அளவுகளும் ஏறக்குறைய 82 சதவீதம் ஒன்றின்மேல் ஒன்று படிந்தே இருக்கும்.

சிக்கல் இங்கேதான். மன அழுத்த ஹார்மோனான கார்டிசோலை உணரும் ஏற்பிகள் ஹிப்போகாம்பஸில் அடர்த்தி; நீடித்த மன அழுத்தம் அங்குள்ள நரம்புக் கிளைகளைக் குறுக்குவது விலங்குகளில் தெரிந்ததே. கொடுமைக்கு ஆளாகியும் மனநோய் வராதவர்களிடமும் அந்தப் பகுதி சிறுத்திருப்பதைக் கண்டிருக்கிறார்கள். எனவே நான்கு குழுக்கள் வேண்டும்: நோயும் துன்பமும் உள்ளவர், நோய் மட்டும், துன்பம் மட்டும், இரண்டும் இல்லாதவர். "நோயாளிகளிடம் தொடர்பு தெரிந்தது, மற்றவர்களிடம் தெரியவில்லை" என்ற வாக்கியத்தைக் கண்டால் நில்லுங்கள். இரண்டு தொடர்புகளுக்கும் இடையிலான வேறுபாட்டையே நேரடியாகச் சோதித்திருக்க வேண்டும். இது அடிக்கடி விடுபடுகிறது.

பெரிய தலையில் மூளைப் பகுதிகளும் பெரிதாக இருக்கும் என்பதால், மண்டையோட்டுக் கொள்ளளவைக் (மண்டைக்குள் உள்ள இடத்தின் அளவு) கொண்டு அளவுகளைத் திருத்தினார்களா என்பதையும் கவனியுங்கள். அந்த அளவு பெரும்பாலும் சிறுவயதிலேயே முடிவாகிவிடும். நெதர்லாந்தில் 1944–45-இல் வந்த டச்சுப் பஞ்சத்தின்போது கருவில் வளர்ந்து, பின்னர் மனச்சிதைவு வந்தவர்களிடம் அது குறைந்திருந்தது. எல்லாவற்றையும் அதனால் திருத்திவிட்டால் நாம் தேடும் தொடக்ககாலத் தடயமும் கூடவே போய்விடும். திருத்தியது, திருத்தாதது இரண்டும் வேண்டும்.

மூளை சுருங்கியதாகப் போலியாகக் காட்டுபவை, அல்லது துன்பத்தைத் தவிர வேறு வழியில் சுருக்கத்தை உண்டாக்குபவை:

- தலை அசைவு. ஸ்கேனில் அசைந்தவரின் புறணி (மூளையின் வெளி அடுக்கு) உண்மையைவிட மெலிதாகத் தெரியும்.
- மருந்து. 17 முதல் 27 மாதம் ஹாலோபெரிடால் அல்லது ஓலன்சபின் என்ற மனச்சிதைவு மருந்தைப் பெற்ற மக்காக் குரங்குகளின் மூளை சுமார் 8 முதல் 11 சதவீதம் குறைந்தது. வாழ்நாளில் எடுத்த மொத்த அளவைக் கணக்கிட்டார்களா? (இதைப் படித்துவிட்டு யாரும் மருந்தை நிறுத்த வேண்டாம், நோய் திரும்பும் ஆபத்து மிகப் பெரியது.)
- குடி, புகை. துன்பத்தோடும் நோயோடும் சேர்ந்தே வருபவை.
- கருவி. ஏழைப் பகுதியினரை ஒரு கருவியிலும் மற்றவர்களை வேறொன்றிலும் எடுத்திருந்தால் கணிதத் திருத்தமும் காப்பாற்றாது. கருவியின் வேறுபாட்டோடு துன்பத்தின் வேறுபாடும் அழியும்.

இவ்வளவும் தேறிய ஆய்வுகூட குழுவின் சராசரியைப் பற்றியதே. ஒருவருடைய எம்.ஆர்.ஐ. படத்தை வைத்து மனச்சிதைவை உறுதிசெய்யவோ, அவர் பட்ட கொடுமையைப் படிக்கவோ இயலாது. முதல்முறை நோய் வரும்போது மருத்துவர் ஸ்கேன் கேட்பது கட்டி, மூளை அழற்சி போன்ற வேறு காரணங்களை விலக்க. சிறுவயதில் என்ன நடந்தது என்று அறிய, அவரிடம்தான் பொறுமையாகக் கேட்க வேண்டும்.