ரஷ்ய மொழி: எழுதுவது ‘ஒ’, சொல்வது ‘அ’

தமிழில் தஸ்தயேவ்ஸ்கி என்றுதான் பலரும் எழுதுகிறோம். ரஷ்ய எழுத்திலோ அந்தப் பெயர் ‘தொ’ என்று தொடங்குகிறது. மொழிபெயர்த்தவர் தப்பு செய்யவில்லை, ரஷ்யர் வாயில் அது ‘தஸ்’ தான். ஆனால் கோர்க்கியின் ‘கோ’ மாறுவதில்லை. காரணம், அழுத்தம்.

முதல் படி: அழுத்தத்தைக் கண்டுபிடியுங்கள்

ஒவ்வொரு சொல்லிலும் ஓர் அசை மட்டும் நீண்டு, பலமாக ஒலிக்கும். அது எங்கே விழும் என்பதற்கு எளிய விதி கிடையாது. அகராதியில் அந்த உயிரெழுத்தின் தலையில் ஒரு சாய்கோடு இருக்கும். நாளிதழிலோ நாவலிலோ இருக்காது. அதனால் புதுச் சொல்லை அந்தக் கோட்டோடு சேர்த்தே நோட்டில் எழுதுங்கள். இதில் சோம்பல்பட்டால் மிச்சமெல்லாம் வீண்.

இரண்டாம் படி: ‘ஒ’வைத் தளர்த்துங்கள்

பாலுக்கான சொல் எழுத்தில் மொ-லொ-கோ. அழுத்தம் கடைசியில். ‘கோ’வை முழுசாகச் சொல்லுங்கள். அதற்கு முந்தைய ‘லொ’, ‘ல’ ஆகிவிடும். இன்னும் தள்ளி நிற்கும் ‘மொ’ அதைவிட மெலியும்: வாயைப் பாதி திறந்து, ‘ம’ என்று தொட்டும் தொடாமலும். மொத்தத்தில், மலக்கோ. நமக்கு இது புதிதல்ல. ‘காட்டு’ என்னும்போது கடைசி உகரத்துக்கு நாம் உதட்டைக் குவிக்கிறோமா என்ன? குற்றியலுகரம் படித்தவருக்கு இந்தத் தளர்ச்சி பழக்கமானதுதான்.

(பக்கத்து பெலாரூஸ் மொழியில் இதே சொல்லை ஒலிப்பது போலவே ‘அ’ போட்டு எழுதிவிடுகிறார்கள். புண்ணியவான்கள்!)

மூன்றாம் படி: ‘யெ’, ‘யா’ இரண்டும் ‘இ’ பக்கம் சாயும்

நதி, எழுத்தில் ரெ-கா, பேச்சில் ரிக்கா. ஜனவரி, எழுத்தில் யான்-வார், பேச்சில் யின்வார். ‘உ’வை விட்டுவிடுங்கள், அது பெரிதாக மாறாது.

இனி பயிற்சி. ஜன்னல்: அக்னோ. ஜன்னல்கள்: ஓக்ன. எழுத்தில் இரண்டுமே ‘ஒ’வில்தான் தொடங்குகின்றன, அழுத்தம் இடம் மாறியதும் உயிரும் மாறிவிட்டது. அப்புறம் ஸாமக் என்றால் கோட்டை, ஸமோக் என்றால் பூட்டு, எழுத்துக்கூட்டல் ஒன்றே.

எழுதும்போது ‘ஒ’வா ‘அ’வா என்று குழம்பினால், ரஷ்யப் பள்ளிப் பிள்ளைகளின் வழியைப் பிடியுங்கள். அந்த அசையில் அழுத்தம் விழும் இன்னொரு வடிவத்தைத் தேடுவார்கள். ‘அக்னோ’வில் சந்தேகமா? ‘ஓக்ன’ என்று சொல்லிப் பார்த்தால் ‘ஒ’ தானே வெளியே வந்துவிடும்.