இடைவெளிக்குத் தனி பேட்ச்

திறந்த மூல மென்பொருளுக்கு முதல் பேட்ச் (நிரலில் செய்த மாற்றங்களின் தொகுப்பு) அனுப்புகிறவர்கள், பிழையைத் திருத்தப் போன இடத்தில் கண்ணில் பட்ட இடைவெளிகளையும் அடைப்புக்குறிகளையும் சேர்த்தே சீர்செய்துவிடுவார்கள். நானும் செய்திருக்கிறேன். மூன்று வரித் திருத்தம் இருநூறு வரியாக வீங்கியது. வந்த பதில்கள் எல்லாம் இடைவெளியைப் பற்றியே. பிழையைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

இடைவெளி, அடைப்புக்குறி போன்ற நடைத் திருத்தத்தைத் தனி பேட்சாகப் பிரித்துவிடுங்கள். அனுப்பும் முன் அந்தத் திட்டத்துக்கென உள்ள சரிபார்ப்புக் கருவியை ஓட்டிப் பாருங்கள். லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலில் அது செக்பேட்ச். அங்கே ஒரு டேப் என்றால் 8 எழுத்து அகலம்; நான்குதான் அழகு என்று வாதாடிப் பயனில்லை. அதற்காகக் கருவி சொல்வதெல்லாம் வேதவாக்கும் அல்ல. ஒரு வரி 80 எழுத்தைத் தாண்டினாலே எச்சரித்துவந்த செக்பேட்ச், 2020 முதல் 100 வரை பொறுத்துக்கொள்கிறது. ஆனால் நடை வழிகாட்டி இன்னும் 80-ஐத்தான் விரும்புகிறது! இப்படி இரண்டும் இழுக்கும்போது, சுற்றியுள்ள வரிகள் எப்படி இருக்கின்றனவோ அப்படியே எழுதிவிடுவேன். மறுப்பு வந்ததே இல்லை.

மொத்தக் கோப்பையும் மறுவடிவமைக்க நேர்ந்தால், அந்தக் கமிட்டின் (மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் கருவியில் ஒரு பதிவின்) அடையாள எண்ணை ஒரு தனிக் கோப்பில் குறித்துவைத்து, ஒவ்வொரு வரியையும் கடைசியாக மாற்றியவர் யார் என்று காட்டும் ‘கிட் பிளேம்’ கட்டளை அதைத் தாண்டிச் செல்லும்படி அமைக்கலாம். கிட் 2.23 முதல் இந்த வசதி உண்டு. இல்லையேல் எந்த வரியைத் தேடினாலும் இடைவெளி திருத்தியவர் பெயர்தான் வந்து நிற்கும்.